வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், பார்க்க எப்போது கற்றுக்கொடுத்தார்கள்?

1934ஆம் வருடம் பிரிட்டன் சாலைகளில் வண்டி மோதிச் செத்தவர்கள் 7,343 பேர். அப்போது அந்த நாட்டில் ஓடிய மோட்டார் வாகனங்கள் எல்லாம் சேர்த்தே சுமார் 24 லட்சம்தான். 2023ல் அங்கே 4 கோடிக்கு மேல் வண்டிகள், செத்தவர்கள் 1,624 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நல்ல சாலை, சீட் பெல்ட், வேகக் கட்டுப்பாடு, நல்ல பிரேக், ஆஸ்பத்திரி வசதி என்று எத்தனையோ சங்கதிகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. இங்கே எடுத்துக்கொள்வது அதில் ஒரே ஒரு இழை. புதிதாக ஓட்டப் பழகுபவருக்குப் 'பார்ப்பது' என்ற வித்தையைச் சொல்லிக்கொடுக்க எத்தனை காலம் ஆனது என்பதுதான் அது. கேட்டால் நம்ப முடியாது, கிட்டத்தட்ட எழுபது வருடம்! அதிலும் வேடிக்கை என்னவென்றால், விஷயம் தெரியாமல் அத்தனை வருடம் போகவில்லை. விஷயம் 1930களிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் அத்தனை வருடம்.

1934க்கு முன் பிரிட்டனில் கார் ஓட்ட எந்தப் பரீட்சையும் கிடையாது. பணம் கட்டினால் லைசென்ஸ். போதாக்குறைக்கு 1930ல் கார்களுக்கு இருந்த வேக வரம்பையும் எடுத்துவிட்டார்கள். சாவு எண்ணிக்கை எகிற, போக்குவரத்து அமைச்சராக வந்த லெஸ்லி ஹோர் பெலிஷா ஊருக்குள் மணிக்கு 30 மைல் வரம்பை 1935 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தார். அதே வருடம் ஜூன் 1 முதல் புதிய ஓட்டுநர்களுக்கு டிரைவிங் டெஸ்ட் கட்டாயம் ஆனது. கட்டணம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். டெஸ்ட் நடத்துவதற்கென்று தனி இடம்கூட இல்லாததால், பரீட்சை அதிகாரியை ரயில்வே ஸ்டேஷன் வாசலிலோ பூங்கா வாசலிலோ போய்ச் சந்திக்க வேண்டியிருந்தது. முதல் வருடம் எழுதியவர்களில், மன்னிக்கவும், ஓட்டியவர்களில் 63 சதவீதம் பேர் பாஸ்.

அந்த டெஸ்டில் எதைப் பார்த்தார்கள்? கையை நீட்டி ஒழுங்காக சிக்னல் காட்டுகிறாரா, வண்டியை நிறுத்தத் தெரிகிறதா, பின்னால் எடுக்கத் தெரிகிறதா, திருப்பத் தெரிகிறதா, சாலை விதிகளைப் பற்றிக் கேட்டால் பதில் வருகிறதா. எல்லாம் கையும் காலும் வாயும் செய்கிற வேலைகள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், மார்க் போடலாம். ஓட்டுபவர் எங்கே பார்க்கிறார், பார்த்ததிலிருந்து என்ன புரிந்துகொள்கிறார் என்பது மட்டும் தெரியாது. அது மண்டைக்குள் நடப்பது. மண்டைக்குள் நடப்பதற்கு எப்படி மார்க் போடுவது? இந்தக் கதை முழுக்க இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்.

கண் பரிசோதனை உண்டே என்று கேட்கலாம். உண்டு. இன்றைக்கும் பிரிட்டனில் 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்ட வேண்டும். ஆனால் அது கண் தெரிகிறதா என்ற பரிசோதனை. கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பது வேறு கலை. கையை நேராக நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். நம் கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த நகம் அளவுள்ள இடத்தைத்தான், சுமார் இரண்டு டிகிரி. மற்றதெல்லாம் மங்கல். கண் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருப்பதால் முழுக் காட்சியும் தெளிவாகத் தெரிவதாக நினைத்துக்கொள்கிறோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த ஒரு நொடி, நகத்தளவு கூர்பார்வை தப்பான இடத்தில் இருந்தால்? ஆறுக்கு ஆறு பார்வை இருந்தும் பயன் இல்லை.

சரி, 1930களிலேயே விஷயம் தெரிந்தவர்கள் யார் என்று பார்ப்போம். முதல் ஆட்கள் போலீஸ்காரர்கள்.

லண்டன் பெருநகரப் போலீஸின் வண்டிகள் சகட்டுமேனிக்கு மோதிக்கொண்டிருந்த காலம் அது. திருடனைத் துரத்துகிறவனே விபத்தில் மாட்டினால் ஊர் சிரிக்காதா? அப்போது போலீஸ் ஆணையராக இருந்தவர் டிரெஞ்சர்ட் பிரபு. பிரிட்டிஷ் விமானப்படையை உருவாக்கியவர் என்று பெயர் பெற்றவர். அவர் காலத்தில், 1934ல், ஹெண்டன் என்ற இடத்தில் போலீஸுக்கென்று ஒரு டிரைவிங் ஸ்கூல் தொடங்கப்பட்டது. 1937ல் கார் பந்தய வீரரான காட்டன்ஹாம் பிரபு அங்கே ஆலோசகராக வந்தார். அவர் வந்த பிறகு 'வண்டிக் கட்டுப்பாட்டு முறை' என்ற ஒன்று உருவானது. எந்த ஆபத்தை நெருங்கினாலும் செய்ய வேண்டியவற்றை ஒரே வரிசையில் செய்ய வேண்டும். சாலையில் எந்த இடத்தில் போவது, பின்னால் கண்ணாடியில் பார்ப்பது, சிக்னல், பிரேக், கியர், ஹாரன், ஆக்ஸிலரேட்டர் என்று அது போகும். எல்லா நேரமும் எல்லாமும் தேவைப்படாது. ஆனால் ஒவ்வொன்றும் தேவையா என்று வரிசையாக யோசித்தே தீர வேண்டும்.

ஹெண்டன் மரபின் ருசியான பகுதி 'வர்ணனை ஓட்டம்'. கிரிக்கெட் வர்ணனை மாதிரிதான். ஓட்டிக்கொண்டே, கண்ணில் படுவதையும் அதற்காக என்ன செய்யப் போகிறார் என்பதையும் மாணவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "முன்னால் பஸ் நிற்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், பஸ்ஸுக்கு முன்னால் யாராவது குறுக்கே வரலாம், கண்ணாடி பார்க்கிறேன், பின்னால் ஒரு வேன், வேகத்தைக் குறைக்கிறேன்..." இப்படி. இதில் இரண்டு லாபம். வாய் பேச வேண்டும் என்றால் கண் தேடியே ஆக வேண்டும், அது ஒன்று. இன்னொன்று இன்னும் முக்கியம்: மண்டைக்குள் நடப்பது பக்கத்து சீட்டு வாத்தியாருக்குக் கேட்கிறது! அதாவது மேலே சொன்ன சிக்கலுக்கு ஹெண்டனில் ஒரு விடை இருந்தது. கேமராவும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிப்பதுதான் இந்தப் பள்ளியின் உயிர். நிறுத்தியிருக்கும் லாரியின் அடியில் இரண்டு கால்கள் தெரிந்தால், அடுத்த நொடி ஒரு ஆள் வெளியே வருவார். தூரத்தில் விளக்குக் கம்பங்களின் வரிசை இடது பக்கம் வளைந்தால், சாலையும் அங்கே இடது பக்கம் வளைகிறது. ஐஸ்கிரீம் வண்டி நின்றால் குழந்தைகள். வளைவில் சாலையின் இரண்டு ஓரங்களும் ஒன்று சேர்வது போலத் தெரியும் புள்ளியைக் கவனித்தால், அது நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதை வைத்து வளைவு எவ்வளவு கூர்மை என்று சொல்லிவிடலாம். இதெல்லாம் போலீஸ் பாடப்புத்தகத்தில் ஏறி, 1955ல் 'ரோட்கிராஃப்ட்' என்ற பெயரில் பொதுமக்களுக்கும் கிடைத்தது. அடுத்த வருடம் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அட்வான்ஸ்ட் மோட்டாரிஸ்ட்ஸ் என்ற சங்கம் பிறந்து, போலீஸ் தரத்தை ஒட்டிய டெஸ்டைச் சாதாரண ஓட்டுநர்களுக்கு நடத்த ஆரம்பித்தது. ஆனால் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். ஏற்கனவே நன்றாக ஓட்டுகிறவர்தான் அங்கே போவார். நேற்று லைசென்ஸ் வாங்கிய பதினேழு வயதுப் பையன் ஏன் போகப் போகிறான்?

ஏறக்குறைய அதே நேரத்தில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், அமெரிக்காவில், காரோடு தொழில் சம்பந்தம் இல்லாத ஒருவர் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியல் பேராசிரியர். மாசசூசெட்ஸில் ஸ்மித் காலேஜில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், லாரன்ஸ் க்ரூக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1938ல் கார் ஓட்டுவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் சொன்னது எளிமையானது. ஓட்டுபவரின் முன்னால் எப்போதும் 'பாதுகாப்பாகப் போகக்கூடிய வெளி' ஒன்று விரிந்திருக்கிறது. சாலை மேல் நாக்கு நீட்டியது போன்ற வடிவம். எதிரே வண்டி வந்தால் அந்த நாக்கு ஒடுங்கும், சந்து முனை வந்தால் அங்கே ஒரு கடி விழும், சாலை காலியானால் நீளும். அதற்குள்ளே இன்னொரு சின்ன வெளி, பிரேக் போட்டால் வண்டி நிற்கத் தேவையான குறைந்தபட்ச தூரம். பெரிய வெளி சின்ன வெளியைவிட நீளமாக இருக்கும்வரை பிழைத்தோம். ஓட்டுவது என்பது ஸ்டியரிங்கைத் திருப்புவது இல்லை, இந்த வெளியைக் கண்ணால் சரியாகப் பார்த்து அதற்குள் வண்டியை வைத்திருப்பதுதான். கையும் காலும் கண் சொன்னதைச் செய்கிற வேலைக்காரர்கள்.

கிப்சன் பின்னால் இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் பார்வை பற்றி ஆராய்ந்து, காட்சி உணர்வு பற்றிய ஆராய்ச்சியில் பெரிய பெயர் ஆனார். அந்தக் கார் கட்டுரை மட்டும் உளவியல் பத்திரிகையிலேயே தங்கிவிட்டது. அதே 1930களில்தான் பென்சில்வேனியாவில் ஏமஸ் நெய்ஹார்ட் என்ற பேராசிரியர் தன் சொந்தக் காரை வைத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அமெரிக்கப் பள்ளிகளில் டிரைவிங் ஒரு பாடமானது அங்கிருந்துதான். ஒரே நாட்டில், ஒரே பத்து வருடங்களில் நடந்த இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

கிப்சன் சொன்னதை நடைமுறைக்கு ஏற்ற வடிவில் விற்றவர் ஒரு வியாபாரி. (விற்றவர் என்று சொல்வது குறையாக இல்லை, நல்ல சரக்கு!) ஹரால்ட் ஸ்மித் என்பவர் 1952ல் ஓட்டுநர் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, ஐந்தே விதிகளை வைத்தார். பார்வையைத் தூரத்தில் வை. முழுக் காட்சியையும் பார். கண்ணை ஓட்டிக்கொண்டே இரு. தப்பிக்க ஒரு வழியை விட்டு வை. மற்றவர்கள் உன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று உறுதி செய்துகொள். ஐந்தில் ஒன்றிலாவது கிளட்ச், பிரேக் என்ற வார்த்தை வருகிறதா பாருங்கள். 'தூரம்' என்பதற்கு அவர்கள் வைத்த கணக்கு பதினைந்து நொடி, அதாவது இன்னும் பதினைந்து நொடி கழித்து வண்டி எங்கே இருக்குமோ அந்த இடம். பெரிய லாரி கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டன. பார்சல் கம்பெனியான யு.பி.எஸ்.ஸின் டிரைவர்கள் இதிலிருந்து வந்த ஐந்து 'பார்க்கும் பழக்கங்களை' வார்த்தை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும் என்பது அங்கே பிரசித்தம்.

ஆக, 1950களின் நடுவில் நிலைமை இது. போலீஸுக்குத் தெரியும். லாரி கம்பெனிக்குத் தெரியும். பேராசிரியருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள், அதிகமாகச் செத்துக்கொண்டிருந்த புது ஓட்டுநர். கம்பெனிக்கு வண்டி மோதினால் நஷ்டம், அதனால் எது பலன் தருமோ அதைச் சொல்லிக்கொடுத்தது. டிரைவிங் ஸ்கூலுக்கு மாணவர் டெஸ்டில் பாஸானால் போதும், அதனால் டெஸ்டில் என்ன கேட்பார்களோ அதைச் சொல்லிக்கொடுத்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பரீட்சையில் வராததை எந்த ட்யூஷன் வாத்தியார் நடத்துவார்?

புது ஓட்டுநரின் கண் உண்மையில் என்ன செய்கிறது என்று முதல்முதலில் சாலையிலேயே பதிவு செய்து பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூரண்ட், ராக்வெல் இருவரும். 1972ல் வெளியான அவர்கள் ஆராய்ச்சியில் புதியவர்கள் ஆறு பேர், அனுபவசாலிகள் நாலு பேர். அவ்வளவுதான். ஆனால் கிடைத்த படம் தெளிவாக இருந்தது. புதியவர்களின் பார்வை வண்டிக்கு மிகப் பக்கத்தில், சாலை ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியை அவர்கள் பார்த்தது குறைவு. அனுபவசாலிகள் தூரத்தில் பார்த்தார்கள். காரணம் யோசித்தால் பரிதாபமாக இருக்கிறது. வண்டி நேர்க்கோட்டில் போகிறதா என்பதை அனுபவசாலி ஓரப் பார்வையிலேயே தெரிந்துகொள்கிறார், கூர்பார்வை தூரத்தைத் தேடப் போய்விடுகிறது. புதியவர் அந்தக் கோட்டில் வண்டியை வைத்திருக்கவே கூர்பார்வையைச் செலவழிக்கிறார். இருக்கிற ஒரு டார்ச் லைட்டையும் காலடியில் அடித்துக்கொண்டு இருட்டில் ஓடுவது போல.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் ஒரு பெரிய ஏமாற்றம் நடந்தது. 1970களின் இறுதியில் அமெரிக்க அரசு ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் 16,000க்கு மேற்பட்ட பள்ளி மாணவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தது. ஒரு கூட்டத்துக்கு மிக விரிவான ஓட்டுநர் பயிற்சி, இன்னொன்றுக்குச் சுருக்கமான பயிற்சி, மூன்றாவதுக்குப் பள்ளியில் பயிற்சியே இல்லை. விரிவான பயிற்சி பெற்றவர்களுக்கு முதல் ஆறு மாதம் லேசான பலன் தெரிந்தது, அப்புறம் வித்தியாசம் கரைந்துபோனது. போதாததற்குப் பயிற்சி பெற்றவர்கள் சீக்கிரமே லைசென்ஸ் வாங்கிச் சாலைக்கு வந்துவிட்டதால் மொத்தத்தில் நஷ்டம்தான் என்று 1986ல் இன்னொரு அலசல் சொன்னது. நார்வேயில் 1980களில் நடந்தது இன்னும் மோசம். வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இளைஞர்களுக்கு விபத்து குறைவதற்குப் பதில் கூடியது! சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்ததும் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. கையின் திறமை கூடினால் துணிச்சலும் கூடும். ஆபத்தை முன்கூட்டிப் பார்க்கிற திறமையும் அப்படித்தானா என்று ரீடிங் பல்கலைக்கழகத்தின் ஃப்ராங்க் மெக்கென்னாவும் கூட்டாளிகளும் பரிசோதித்து 2006ல் வெளியிட்டார்கள். அதில் வந்தது எதிர்ப்பக்கம். முன்கூட்டிப் பார்க்கப் பழகியவர்கள் குறைவாகவே துணிந்தார்கள். என்ன வரலாம் என்று தெரிந்துவிட்டால் கால் தானாகவே லேசாகும் போலிருக்கிறது.

மண்டைக்குள் நடப்பதற்கு மார்க் போடும் வழி கடைசியில் சினிமாவிலிருந்து வந்தது. 1974ல் பெல்ஸ், க்ருபாட் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்த படத்தைப் போட்டு, ஆபத்து என்று தோன்றும்போது ஒரு நெம்புகோலை நகர்த்தச் சொன்னார்கள். விபத்தோ வழக்கோ இல்லாதவர்கள் சீக்கிரமாக நகர்த்தினார்கள். 1990களின் தொடக்கத்தில் மெக்கென்னாவும் ஜொனாதன் க்ரிக்கும் இதே ரக வீடியோ சோதனையை வைத்தபோது புதியவர்கள் கடைசி, அனுபவசாலிகள் நடுவில், போலீஸ் பயிற்சி பெற்றவர்கள் முதல். ஹெண்டன் பள்ளிக்கு அறுபது வருடம் கழித்துக் கிடைத்த சான்றிதழ் என்றே இதைச் சொல்லலாம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1996லேயே இப்படி ஒரு சோதனையை லைசென்ஸோடு சேர்த்தது. பிரிட்டன் 2002 நவம்பர் 14 முதல். அதன் பெயர் ஹஸார்ட் பெர்செப்ஷன் டெஸ்ட். 14 சின்ன வீடியோக்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிவது போன்ற காட்சி ஓடும். எதிரே ஒரு ஆபத்து உருவாக ஆரம்பித்ததும் மவுஸை க்ளிக் செய்ய வேண்டும். சீக்கிரம் செய்தால் 5 மார்க், தாமதமாக ஆக 4, 3 என்று குறையும். ஒரு வீடியோவில் மட்டும் இரண்டு ஆபத்து, ஆக மொத்தம் 75 மார்க், கார் ஓட்டுபவர் பாஸாக 44 வேண்டும். சும்மா டக்டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துப் பூஜ்யம் போட்டுவிடும். 2015 முதல் நிஜ வீடியோவுக்குப் பதில் கம்ப்யூட்டரில் உருவாக்கிய காட்சிகள். இதிலும் ஒரு குறை சொல்கிறார்கள்: ரொம்பக் கூர்மையானவர், ஆபத்து 'ஆரம்பிப்பதற்கு' முன்பே க்ளிக் செய்து மார்க் இழக்கிறாராம். வகுப்பில் வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்பவருக்கு நேரும் கதிதான். இருந்தாலும் 2008ல் அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வின்படி, இந்தச் சோதனை எழுதி வந்தவர்களுக்கு முதல் வருடத்தில் பொதுச் சாலையில் (மெதுவாகப் போகும்போது நடக்கும் உரசல்களை விட்டுவிட்டு) தங்கள் மேலும் கொஞ்சம் தப்பு உண்டு என்று அவர்களே ஒப்புக்கொண்ட விபத்துகள் சுமார் 11 சதவீதம் குறைவு. சின்ன எண் போலத் தெரியும். டிகால்ப் மாவட்டத்து அத்தனை மணி நேர வகுப்புகளால் இது முடியவில்லை.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, டிரைவிங் ஸ்கூல்களுக்கு ஒரு பாடத்திட்டம் வைத்திருக்கிறது. அதில் முன்கூட்டி உணர்தல், கணித்தல், தப்பிக்கும் வழி எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றன. கண்ணாடி பார், சிக்னல் போடு, அப்புறம் வண்டியைத் திருப்பு என்று பிரிட்டிஷ் பயிற்சியில் வரும் எம்.எஸ்.எம். என்ற மூன்றெழுத்துக்கூட அப்படியே இருக்கிறது. காகிதத்தில் ஹெண்டன் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது என்ன? எட்டு போடுவது. கால் ஊன்றாமல் எட்டு போடுபவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்துத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். 1972ல் ஒஹாயோவில் அந்த ஆறு பேர் பார்த்த இடமும் ஏறக்குறைய அதுதான்.

இப்போதைக்கு இந்த வரிசையில் பெரிய சோதனை கலிபோர்னியாவில் நடந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஃபிஷர் குழு கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சியை உருவாக்கியிருந்தது. சாலையை மேலிருந்து பார்ப்பது போல ஒரு வரைபடம், அதில் ஒரு கிராஸிங், அதற்கு முன்னால் பார்வையை மறைத்து நிற்கும் லாரி. ஆள் ஒளிந்திருக்கக்கூடிய இடம் எது, ஓட்டுபவர் எங்கே பார்க்க வேண்டும் என்று மாணவர் குறியிட்டுக் காட்ட வேண்டும். இல்லாத ஆளைத் தேடச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. மொத்தம் அரை மணிகூட ஆகாது. டெஸ்டில் பாஸான 16 முதல் 18 வயது வரையுள்ள 5,251 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இதைக் கொடுத்து ஒரு வருடம் அவர்களின் விபத்துக் கணக்கைப் பின்தொடர்ந்தார்கள். 2016ல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற பையன்களின் விபத்து, பயிற்சி பெறாத பையன்களைவிடக் கிட்டத்தட்ட 23 சதவீதம் குறைவு. பெண்களிடம் அப்படிப்பட்ட பலன் எதுவும் காணப்படவில்லை.